‘தனபாலன் கேஸ்’ என்று அவர்கள் சொல்வது

போன மாதம் ஒரு மத்தியானம் கீர்த்தனா போன் செய்தாள். மாவட்ட விவசாய அலுவலகத்தில் நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு வேலைக்குச் சேர்ந்த பெண். ஏதாவது சிக்கல் என்றால்தான் கூப்பிடுவாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. சிக்கல் இல்லாதபோது பென்சன் வாங்குகிறவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

“ஆன்ட்டி, ஒரு டவுட். உதவித்தொகை வாங்குற விவசாயிங்க எல்லார் பேரையும் இனிமே வெப்சைட்ல போடணுமாம். யார் வேணும்னாலும் தேடிப் பாக்கலாம். இங்க ஒரு அம்மா என் பேரைப் போடாதீங்கன்னு அழுவுறாங்க. ஆபீஸ்ல கேட்டா, அதெல்லாம் வேணாம்லா, அப்புறம் தனபாலன் கேஸ் மாதிரி ஆயிடும்ங்கறாங்க. அது என்ன கேஸ் ஆன்ட்டி? அவரு பணத்தை எடுத்துட்டாராமே?”

நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். இந்தக் கேள்விக்குப் பாச்சாங் மார்க்கெட்டில் பதில் சொல்லியிருக்கிறேன். தேவாலய வாசலில் சொல்லியிருக்கிறேன். ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டு வரிசையில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். எல்லாரும் “ஓ, அப்படியா” என்பார்கள். அடுத்த தடவை வேறொருவர் அதே கேள்வியைக் கேட்பார். எனக்கு அலுத்துவிட்டது.

“எழுதி அனுப்புறேன்மா,” என்றேன். “ஒரே தடவையா.”

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அப்பா செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, விவசாயப் பயிற்சிக் கழகத்தில் படித்து, அரசாங்க வேலையில் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் பத்து வருடங்கள் கன்று விநியோகம், உரம் விநியோகம், மோட்டார் சைக்கிளில் கம்பம் கம்பமாக, கிராமம் கிராமமாகச் சுற்றுவது. இரண்டு முறை வாய்க்காலில் விழுந்தேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பணி உயர்வு என்று காலம் ஓடியது. மலாய் நண்பர்கள் எனக்கு, அக்கா என்ற அர்த்தத்தில், கக் ரோஸி என்று பெயர் வைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

தனபாலன் சார் எங்கள் மாவட்டத்துக்கு அதிகாரியாக வந்தபோது எனக்கு நாற்பது வயதுக்கு மேல். ஒல்லியான மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒருவர் பேசும்போது பேனாவை மூடியபடியே வைத்திருப்பார். பேசி முடித்து, இன்னும் ஏதாவது உண்டா என்று கேட்டு, இல்லை என்று சொன்ன பிறகுதான் மூடியைத் திறப்பார். பாதிப் பேச்சில் எழுத ஆரம்பித்தால் மீதியைக் காது கேட்காது என்பார்.

தோட்டத்துக்குப் போனால் முதலில் எல்லையைச் சுற்றி நடப்பார். விவசாயி பின்னாலேயே ஓடி வருவார், கையில் தேநீர் கிளாஸ் இருக்கும். சார் வாங்க மாட்டார். காரில் சொந்தமாகத் தண்ணீர் வைத்திருப்பார்.

“ஒரு வாய் தே குடிச்சா என்ன சார்? அவங்க முகம் வாடிப் போகுது,” என்று ஒருமுறை கேட்டேன்.

“நாளைக்கு இவருக்கு மானியம் கிடைக்கும் ரோஸி. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கிடைக்காது. அவனுக்கு இன்னிக்கு நான் குடிச்ச தேதான் ஞாபகத்துக்கு வரும்.”

திமிர் பிடித்தவர் என்றுதான் பலர் சொன்னார்கள். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித் தோன்றியது.

அவர் வந்த சில வருடங்களில் பெரிய வெள்ளம் ஒன்று வந்தது. பயிர் போனவர்களுக்கு உரமும் விதையும் கொஞ்சம் பணமும் கொடுத்தோம். அதுவரை யாருக்குக் கொடுத்தோம் என்பது எங்களுக்கும் கம்பத்துத் தலைவர்களுக்கும் மட்டுமே தெரியும். சார்தான் முதன்முதலில் பெறுகிறவர்களின் பெயர்களை அலுவலகக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார். பெயர், இடம், பயிர், எவ்வளவு ஏக்கர், எவ்வளவு தொகை. இரண்டு வாரம் ஆட்சேபம் சொல்லலாம். அதற்குப் பிறகே பணம்.

ஒட்டிய மறுநாள் காலை, மரவள்ளி விற்கும் ஒரு பெரியவர் கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சிரித்தார். “செல்வநாதனுக்கு வெண்டிக்காய்த் தோட்டமா? மூணு கடை வெச்சிருக்காரு. அந்த நெலத்துல லாரி நிக்குதுலா!” நாங்கள் போய்ப் பார்த்தோம். லாரிதான் நின்றது. முன்பு சோதனைக்குப் போனவர் காரைவிட்டு இறங்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

செல்வநாதன் நேரே சாரின் அறைக்கு வந்தார். “பேரை எடுத்துடுங்க, நான் பணம் வேணாம்ங்கறேன். ஆனா இப்படிச் சுவத்துல ஒட்டி ஊர் சிரிக்க வைக்கணுமா?”

“அரசாங்கப் பணம் ஊர்ப் பணம்,” என்றார் சார். “பேர் சொல்லாம வாங்குறதுன்னா அது திருட்டுப் பணம்.”

நான் கதவருகே நின்றிருந்தேன். செல்வநாதன் வெளியே போகும்போது என்னைப் பார்க்கவே இல்லை. அந்த வார்த்தை வெளியேயும் பரவியது. விவசாயிகளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் எந்த உதவி என்றாலும் பட்டியல் ஒட்டாமல் கொடுத்ததில்லை.

பிறகு கோவிட் வந்தது.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்ட முதல் வாரங்களில், பயிர் யாருக்காகவும் காத்திருக்காது என்பதை மேலே யாரும் யோசிக்கவில்லை. மொத்த வியாபாரிகளின் லாரிகள் வரவில்லை. வாரச் சந்தை, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை எல்லாம் மூடல். நான் பெர்மிட் கடிதத்தைக் காரின் முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, சாலைத் தடுப்புகளில் நின்று நின்று, தோட்டங்களைப் பார்க்கப் போவேன். பயிற்றங்காய் பந்தலிலேயே முற்றி மஞ்சளாகித் தொங்கும். முள்ளங்கியை ஒருவர் மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மாடும் அலுத்துப்போய் முகத்தைத் திருப்பியது.

சிறு விவசாயிகளுக்கு ஒருமுறை உதவித்தொகை என்று அறிவிப்பு வந்ததும் வேலை தலைக்கு மேல் ஏறியது. ஐசி அடையாள அட்டையின் நகல், நிலத்துக்கான ஏதாவது ஒரு கடிதம், வங்கிக் கணக்கு. அதன் பிறகு நேரடிச் சோதனை. விவசாயி தன் பயிரின் நடுவே நிற்க வேண்டும். கையில் விண்ணப்ப எண் எழுதிய பலகை. முகம் தெரிய வேண்டும் என்பதால் படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் முகக் கவசத்தை இறக்கச் சொல்வோம். நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று எடுப்பேன். எல்லை தெரிய இன்னொரு படம். பிறகு குழுக் கூட்டம், பட்டியல், ஆட்சேபம், பணம். பட்டியல் இப்போது கண்ணாடியோடு நிற்கவில்லை. கம்பத்து மண்டபத்திலும் அலுவலகத்தின் ஃபேஸ்புக் பக்கத்திலும் போட வேண்டும் என்று உத்தரவு.

லூபோக் சீனா போகும் சாலையில், செம்பனை மரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதுபோல ஒரு மிளகாய்த் தோட்டம். அங்கே இருந்த பெண்ணை வள்ளி என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு சீனப் பெரியவரின் நிலத்தை வாடகைக்கு எடுத்து அவளே கொத்தி, அவளே மருந்தடித்துச் செய்த தோட்டம். மிளகாய் பழுத்துச் சிவந்து, பறிக்க ஆள் இல்லாமல், வாங்க ஆள் இல்லாமல் செடிக்குக் கீழே கொட்டிக் கிடந்தது. அந்தத் தொகை வந்தால்தான் நில வாடகை கட்டுவாள், அடுத்த விதை வாங்குவாள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

பலகையைக் கொடுத்து, “மாஸ்க்கை ஒரு நிமிஷம் இறக்கும்மா,” என்றேன். இறக்கினாள். ஆனால் முகத்தைப் பயிர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“இங்க பாரும்மா.”

“இந்தப் படம் எங்க போகும் அக்கா?”

“படம் ஃபைல்லதான் இருக்கும். பேர் மட்டும் வெளியில போடுவோம். ஆபீஸ்ல, மண்டபத்துல, ஃபேஸ்புக்ல.”

“இடமும் போடுவீங்களா?”

“ஆமா. அதுதானே ரூல்.”

அவள் பலகையை வரப்பில் மெதுவாக வைத்தாள். “அப்ப எனக்கு வேணாம் அக்கா. எழுதிக் கொடுத்ததைக் கிழிச்சுடுங்க.”

நான் விடவில்லை. வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் நின்றபடியே கேட்டேன். கணவன் ஜோகூரில் இருக்கிறான். அவனிடமிருந்து மகளோடு ஓடி வந்தவள் அவள். முதலில் வேறு ஊரில் இருந்தாள். மகளின் பள்ளி விளையாட்டுப் போட்டியின் படத்தை யாரோ ஃபேஸ்புக்கில் போட்டார்கள். சட்டையில் பள்ளியின் பெயர் இருந்தது. அந்த மாதமே அவன் வாசலில் வந்து நின்றான். இடது கையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

“இப்பவும் தேடிக்கிட்டுத்தான் இருக்கான் அக்கா. எங்க அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்றானாம்.”

அலுவலகத்துக்கு வந்து சாரிடம் சொன்னேன். மூடிய பேனாவோடு கேட்டார். மறுநாள் அவரே வந்தார். வழக்கம்போல எல்லையைச் சுற்றி நடந்தார். பிறகு, “போலீஸ் ரிப்போர்ட் இருக்காம்மா?” என்று மட்டும் கேட்டார். பிளாஸ்டிக் உறையில் இரண்டு ரிப்போர்ட் வைத்திருந்தாள். நின்றபடியே இரண்டையும் முழுதாகப் படித்தார். அவளுடைய கல்யாணத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் செம்பனை முடியும் இடத்தில் சொன்னார்: “ரூல் எழுதுனவங்க இந்தப் பொண்ணை நெனச்சு எழுதல ரோஸி. நானும்தான் நெனைக்கல.”

பெயரை மறைக்க அனுமதி கேட்டு மேலே எழுதினார். பதில் இல்லை. போன் செய்தார். எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்த காலம். நடைமுறையில் உள்ள உத்தரவைப் பின்பற்றவும் என்று ஒருவர், பார்த்துச் சொல்கிறோம் என்று இன்னொருவர். பட்டியல் ஒட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது.

“அந்த வரியையே எடுத்துடலாம் சார்,” என்றேன். “யாருக்குத் தெரியும்?”

“கூட்டுத்தொகை உதைக்கும். தப்பான பட்டியலை நான் ஒட்ட மாட்டேன்.”

“நிலத்துக்காரர் பேரைப் போடலாமா?”

“அது பொய்.”

“அப்ப என்னதான் சார் பண்றது?”

அவர் அதைத் தானே தட்டச்சு செய்தார். விண்ணப்ப எண், மிளகாய், தொகை. இடம் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘பாதுகாப்புக் காரணத்தால் வெளியிடப்படவில்லை, மாவட்ட அதிகாரியின் பொறுப்பில்’ என்று இருந்தது. பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த நீண்ட பட்டியலில் கையெழுத்து இருந்த ஒரே வரி அதுதான். அதனாலேயே எல்லார் கண்ணும் அங்கே போயிற்று.

இரண்டு நாளில் அந்த வரியைச் சிவப்பில் வட்டமிட்ட படம் வாட்சாப்பில் சுற்றியது. யாரது பாதுகாப்பு வேண்டிய மிளகாய் என்று கேலி. அப்புறம் குரல் பதிவுகள். அதிகாரியின் மச்சான் பெயரில் தோட்டம் என்றது ஒன்று. தோட்டமே இல்லை, பணம் அவர் கணக்குக்கே போகிறது என்றது இன்னொன்று. அவரை ஒரு பெண்ணின் தோட்டத்தில் பார்த்ததாக மூன்றாவது. நான் கூடவே போனது அந்தப் பதிவில் இல்லை. சாரின் மகள் வெளியூரில் பல்கலைக்கழகத்தில் படித்தாள். அவளுக்கும் வந்துவிட்டது. அவர் மனைவி வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்தினார்.

கூட்டம் கூட அனுமதி வந்ததும், கம்பத்து மண்டபத்தில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு ஒரு விளக்கக் கூட்டம் வைத்தோம். செல்வநாதன் முன் வரிசையில் இருந்தார். எழுந்தார்.

“வெள்ளத்தப்ப என் பேரைச் சுவத்துல ஒட்டி ஊரே சிரிச்சுச்சு. பேர் சொல்லாம வாங்குனா திருட்டுப் பணம்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க சார். இப்ப இந்த வரியில யாரு இருக்கா?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்குக் கஷ்டமாக இருந்ததே அதுதான். வேறு எந்த அதிகாரி அப்படி ஒரு வரியை ஒட்டியிருந்தாலும் நானே கேட்டிருப்பேன்.

“சொன்னேன். இன்னிக்கும் அதையே சொல்றேன்,” என்றார் சார். “இந்த ஒரு வரிக்கு நான் பொறுப்பு. தோட்டத்தை நானும் ரோஸியும் பாத்தோம். மேலிடத்துல இருந்து வந்து கேட்டா காட்டுறேன். இங்க சொல்ல மாட்டேன்.”

“ஏன் சொல்ல மாட்டீங்க?”

“ஏன்னு சொன்னாலே யாருன்னு தெரிஞ்சிடும்.”

பின்னால் யாரோ விசிலடித்தார்கள். சார் தன் காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எத்தனையோ விவசாயிகள் அங்கே இருந்தார்கள். அவர் நடந்து பார்க்காத எல்லை அவர்களில் ஒருவருக்கும் கிடையாது. ஒருவரும் எழவில்லை. நான் எழுந்து, “நான் பாத்தேன், தோட்டம் இருக்கு,” என்றேன். “நீங்க அவருக்குக் கீழ வேலை செய்றவங்கதானே கக்,” என்றார் ஒரு பையன். மரியாதையாகத்தான் சொன்னான்.

புகார் மேலே போயிற்று. விசாரணை முடியும்வரை சாரை வேறு அலுவலகத்தில், விவசாயிகளே வராத ஒரு மேசைக்கு மாற்றினார்கள்.

அந்த வாரம் வள்ளி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பாச்சாங்வரை பேருந்து மாறி வந்திருக்கிறாள். மிளகாய் வாங்கும் வியாபாரி கதை கதையாகச் சொல்லிச் சிரித்தானாம். அப்போதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்திருக்கிறது.

“என்னாலதானே அக்கா இதெல்லாம்? நான் மண்டபத்துல போய் நின்னு சொல்லிடுறேன், அது நான்தான்னு.”

நான் சாருக்குப் போன் செய்தேன். அவர் உடனே காரில் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில், வேலிக்கு வெளியே நின்று பேசினார்.

“நீ வந்து சொன்னா எனக்கு நல்ல பேரு கிடைக்கும். சாயங்காலத்துக்குள்ள உன் மூஞ்சி எல்லார் போன்லயும் இருக்கும். அப்புறம் உன் மகளுக்கு என்ன கிடைக்கும்?”

“உங்களைத் திருடன்ங்கறாங்க சார்.”

“சொல்லட்டும்மா. நான் திருடல. அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், ரோஸிக்குத் தெரியும்.”

“அது போதுமா சார்?”

“போதாது,” என்றார். “ஆனா நீ வரக் கூடாது.”

வள்ளி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவர் மட்டும் முகக் கவசத்தைச் சரிசெய்துகொண்டு, அடுத்த போகத்துக்கு எந்த மிளகாய் போடப் போகிறாய் என்று கேட்டார். பேச்சை மாற்றத்தான். ஆனால் அவள் பதில் சொல்ல ஆரம்பித்ததும் அக்கறையாகக் கேட்டார்.

விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். நல்லவர்கள். நான்தான் அழைத்துப் போனேன். மூடிய அறையில் வள்ளியைக் கேட்டார்கள், போலீஸ் ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள், தோட்டத்தை அளந்தார்கள், வங்கிக் கணக்கைச் சரிபார்த்தார்கள். சில மாதங்களில் முடிவு வந்தது. எந்தத் தவறும் இல்லை. கடிதத்தில் அப்படியே எழுதியிருந்தது.

சார் ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். காரணமோ அவள் பெயரோ வேண்டாம், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பட்டியல் ஒட்டிய அதே கண்ணாடியில், அதே ஃபேஸ்புக் பக்கத்தில் போட முடியுமா என்று கேட்டார். ஊழியர்மீதான விசாரணை முடிவுகள் ரகசியமானவை, வெளியிடும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதில் உடனே வந்துவிட்டது.

புகார் எல்லார் போனிலும் இருந்தது. தீர்ப்பு ஒரு ஃபைலுக்குள் இருந்தது. அவர் அந்த மேசையிலேயே இருந்து ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரம் வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் மாவட்டத்திலிருந்து நானும் இன்னொருவரும் போய், கேண்டீனில் அவரோடு தே குடித்தோம். அவர் எங்களோடு குடித்த முதல் தே அது. காசை அவரே கொடுத்தார்.

வள்ளிக்குப் பணம் கிடைத்தது. கணவன் அவளைக் கண்டுபிடிக்கவில்லை. அவள் இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். தோட்டம் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, மகள் கல்லூரிக்குப் போகிறாள். இன்னும் எங்கே போனாலும் கதவைப் பார்த்த மாதிரிதான் உட்காருவாள்.

பட்டியல் ஒட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை கீர்த்தனா. ஒட்டாத காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். லாரி நின்ற நிலத்துக்கு வெண்டிக்காய் மானியம் போன காலம் அது. ஒட்டத்தான் வேண்டும். உன்னிடம் வந்து அழுகிற அம்மா உண்மையிலேயே பயப்படுகிறவரா, லாரி நிறுத்தியிருப்பவரா என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. நீ போய்ப் பார். எல்லையைச் சுற்றி நடந்து பார். அவர் பேசி முடிக்கும்வரை எழுதாதே. பயம் உண்மை என்றால் அந்த ஒரு வரிக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டியிருக்கும். அதற்கு என்ன விலை என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். நீ ஏற்றே ஆக வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இதை எழுதி முடித்ததும் சாரிடம் எடுத்துப் போனேன். பக்கத்துத் தாமான் குடியிருப்பில்தான் இருக்கிறார். கண்ணில் அறுவை சிகிச்சை செய்திருப்பதால் மெதுவாகத்தான் படித்தார். அவர் மனைவி பிஸ்கட் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்காமலே உள்ளே போய்விட்டார். அவருக்கும் அலுத்துப்போயிருக்க வேண்டும்.

“கீர்த்தனாவுக்கு மட்டும் இல்லாம பத்திரிகைக்கும் அனுப்பலாம்னு இருக்கேன் சார்,” என்றேன். “உங்க பேரை மாத்திடட்டுமா?”

அவர் கடைசிப் பக்கத்தை முதல் பக்கத்தோடு சேர்த்து அடுக்கினார்.

“லூபோக் சீனான்னு எழுதியிருக்கியே, இப்ப அவ அங்க இல்லதானே?”

“இல்ல சார். போய் ரொம்ப நாளாச்சு.”

“அவ பேரை மாத்திட்டியா?”

“மாத்திட்டேன்.”

“அப்ப சரி,” என்றார். “என் பேரைப் போடு.”